எடுக்கையில் திணறிய மாஸ்டர் வண்டி

கார் மெக்கானிக்கிடம் யாரும் வண்டியை மட்டும் கொண்டுவருவதில்லை. என்ன கோளாறு என்ற தீர்ப்பையும் கையோடு கொண்டுவருகிறார்கள். பழைய கார் வைத்திருக்கும் உங்களைச் சொல்லவில்லை என்று நினைக்க வேண்டாம், உங்களையும்தான் சொல்கிறேன். ராஜபாளையம் ரோட்டில் என் பட்டறைக்கு வரும் புகார்களில் பொல்லாதது ஒன்று உண்டு. ஓடும்போது வண்டி ஒழுங்காக ஓடும். நின்ற இடத்திலிருந்து எடுத்தால் மட்டும் முக்கும், உதறும், சில சமயம் அணைந்தே போகும். பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கமாட்டார். இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதுதான் கோளாறு. இந்த முறையில் நான் கண்டுபிடிக்காமல் திருப்பி அனுப்பிய வண்டி கிடையாது. ஆனால், தள்ளித் தள்ளி பானெட்டுக்கு வெளியே போக வேண்டிவந்தது செல்வின் மாஸ்டர் வண்டியில்தான்.

பஞ்சு தின்ற வண்டி

செல்வின் மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இருப்பது ஒரே கார், அதற்கும் இருபது வயது. டிரைவிங் ஸ்கூல் கார்களில் உள்ளதுபோல, இடது பக்கம் மாஸ்டரின் காலடியில் தனியாக ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. படிக்கிறவர் தடுமாறினால் மாஸ்டரே அங்கிருந்து வண்டியை நிறுத்திவிடலாம். முதல் நாள் வந்தபோதே அவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: பெட்ரோல் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான்.

பம்பை நான் தொடவில்லை. முதலில் காற்று, அப்புறம்தான் பெட்ரோல். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் தலையணை போல இருந்தது. அவர் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. தறிக்கூடத்து ஜன்னலுக்கு நேர் கீழேதான் வண்டி நிற்கும். காலையில் அங்கேயேதான் அரைமணி நேரம் எஞ்சினைச் சூடாக்குவார். பறந்த பஞ்சையெல்லாம் எஞ்சின் இழுத்து அடைத்துவைத்திருந்தது. புது ஃபில்டர் போட்டேன். மாஸ்டர் பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேலையத் தறிக்காரன் வித்துட்டான். மிச்சத்தப் பூரா என் வண்டி தின்னுருக்கு வே."

கறுப்பு டேப்

திணறல் பாதி குறைந்தது, போகவில்லை. மறுபடி வந்தார். நியூட்ரலில் ஓடவிட்டுக் கேட்டேன். எஞ்சின் சத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் மெல்லிசாக ஒரு சீறல். ரப்பர் குழாய்கள் மேல் கிளீனரைப் பீய்ச்சிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் பட்டதும் எஞ்சின் சத்தம் சட்டென்று மாறியது. அளந்து போக வேண்டிய காற்று, அளவில்லாமல் அந்த வெடிப்பு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அந்த வெடிப்பின்மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சுற்றிய மகான் யார் என்று கேட்டேன். மாஸ்டர் கொஞ்சமும் கூசவில்லை. "நான்தான். அந்த டேப்பு மேல எத்தன பேரு லைசென்ஸ் வாங்கிருக்கான் தெரியுமா?"

என் கையில் நல்ல வண்டி

குழாயை மாற்றிவிட்டு நானே ஓட்டிப் பார்த்தேன். பக்கத்தில் மாஸ்டர். ரயில்வே கேட்டில் நிறுத்தி எடுத்தேன், தேரடியில் நிறுத்தி எடுத்தேன். இருபது வயது வண்டி போலவே இல்லை. இனி புகார் வந்தால் கடையை மூடிவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாளில் வந்து நின்றார்கள். இந்த முறை ஓட்டி வந்தது மாஸ்டரிடம் படிக்கும் மைமூன். கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்டவர், புருஷன் சவூதியில். அவர் வாங்கிப்போட்ட கார் வீட்டில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. கடையநல்லூரில் எல் போர்டு மாட்டி ஓட்டினால் சொந்தக்காரர்கள் எல்லாருமே மாஸ்டராகிவிடுவார்கள் என்று, இங்கே தாய்வீட்டில் தங்கிப் படிக்கிறார். டெஸ்டில் இரண்டு தடவை ஃபெயில். எல்.எல்.ஆர். இந்த மாதத்தோடு முடிகிறது. இதற்குள் லைசென்ஸ் வராவிட்டால் காரை விற்றுவிடுவது என்று புருஷன் முடிவாகச் சொல்லிவிட்டாராம்.

மாஸ்டர் வண்டியைக் குறை சொன்னார். மைமூன் அவரைப் பேசவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "வண்டியா, நானா? ஒண்ணச் சொல்லுங்க அண்ணே. வண்டின்னா வேற வண்டியில படிச்சிக்கிடுதேன். நான்தான்னா வித்துருங்கன்னு அவுககிட்டச் சொல்லிருதேன்."

பின் சீட்

என் கையில் ஓடுகிற வண்டி அவர் கையில் திணறுகிறது என்றால், அவர் கையில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். மைமூனை ஓட்டச் சொன்னேன். மாஸ்டர் தன் இடத்தில். நான் பின் சீட்டில்.

தேரடியில் நிறுத்தி எடுத்தார். வண்டி உதறியது. நான் காதைத் தீட்டிக்கொண்டேன். பெட்ரோலோ காற்றோ சரியில்லாவிட்டால், ஆக்சிலேட்டரை மிதித்தாலும் எஞ்சின் குரல் எழும்பாது. இங்கே குரல் ஏறுகிறது, வண்டிதான் நகரவில்லை. கிளட்சிலிருந்தும் அவர் காலைச் சரியாகத்தான் எடுக்கிறார். அப்படியானால் ஏதோ பிடித்து நிறுத்துகிறது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு பால்காரர் பைக்கில் நின்றிருந்தார். அவருடைய எவர்சில்வர் கேனில் எங்கள் பிரேக் லைட் சிவப்பாகத் தெரிந்தது. மைமூனின் ஒரு கால் கிளட்சில், இன்னொன்று ஆக்சிலேட்டரில். பிரேக்கை மிதிப்பது யார்?

முன் சீட்டுகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். மாஸ்டரின் வலது கால் அவர் பக்கத்து பிரேக்கின்மேல் இருந்தது. சொன்னால் அவரே நம்பவில்லை. குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார். போன வருஷம் ஒரு பையன் வண்டியை வாழைப்பழக் கடைக்குள் விட்டானாம். பழத்துக்கு மட்டும்தான் சேதம். ஆனால் அன்றிலிருந்து, படிக்கிறவர்கள் வண்டியை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கால் அங்கே போய்விடுகிறது. நான் ஓட்டும்போது அதற்குப் பயமில்லை, அதனால் சும்மா இருந்திருக்கிறது. மைமூன் அந்தப் பிடியை மீறி இழுக்கிற அளவுக்கு ஆக்சிலேட்டர் கொடுத்துப் பழகிவிட்டார். டெஸ்டில் பக்கத்தில் உட்காரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் எதையும் மிதிப்பதில்லை. அதே அளவு கொடுத்ததும் வண்டி துள்ளியிருக்கிறது, பதறிக் கிளட்சை விட்டதும் அணைந்திருக்கிறது, இரண்டு தடவையும்.

பால்காரர் ஹாரன் அடித்தார். மைமூன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்: "மாஸ்டர், சம்மணம் போட்டு உக்காருங்க."

டெஸ்ட் மைதானம்

அடுத்த சில நாட்கள் ஊரே பார்த்தது: எல் போர்டு மாட்டிய காரின் முன் சீட்டில், பந்தியில் உட்கார்ந்ததுபோல ஒரு மனிதர் சம்மணம் போட்டுப் போய்க்கொண்டிருந்தார். மாஸ்டர் காலைக் கீழே இறக்க மைமூன் விடவில்லை. பழைய பழக்கம் மறந்து, ஆக்சிலேட்டரை அளவாக மிதிக்கக் கற்றுக்கொண்டார்.

டெஸ்ட் அன்று நானும் போனேன். மாஸ்டரும் நானும் மைதானத்து வேப்பமரத்தடியில் நின்றோம். பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறிக் கதவைச் சாத்தினார். வண்டி துள்ளவில்லை, உதறவில்லை. கிளம்பியதே தெரியாமல் கிளம்பியது. ஒரு சுற்று முடிந்தது. நடுவில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள், அதுவும் ஆயிற்று. நான் திரும்பி மாஸ்டரைப் பார்த்தேன். அவருடைய வலது செருப்பு புழுதியில் பாதி புதைந்திருந்தது. அதைக் கைகாட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"அந்தப் பிள்ள நல்லாத்தான் ஓட்டுது. இந்தக் காலுக்கு யாரு சொல்லிப் புரியவைக்கது வே?"

தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி

லைசென்ஸ் வந்து ஒரு மாதம் இருக்கும். பட்டறை வாசலில் ஒரு கார் உதறிக்கொண்டே வந்து நின்றது. ஓட்டி வந்தது மைமூன். பக்கத்து சீட்டில் லீவில் வந்திருந்த புருஷன், கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி. நின்ற இடத்திலிருந்து எடுத்தால் திணறுகிறது என்றார் மைமூன். வெகுநாள் சும்மா கிடந்த வண்டி, பழைய பெட்ரோல், அடைத்துப்போன ஃபில்டர் என்று நான் மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"பெட்ரோல் பம்பப் பாருங்க அண்ணே. பிரேக்குல யாரு காலும் இல்ல, அத நான் பாத்துட்டுத்தான் வாரேன்."

இப்போதெல்லாம் நின்ற இடத்தில் திணறுகிறது என்று யார் வந்தாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் யார் என்று கேட்டுக்கொள்கிறேன்.