ஜம்பேயாப் பாம்பு வளர்ந்துகொண்டே போனது

பெக்காசி நகரத்தில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் திகோர் எதையும் மன்னித்துவிடுவான். ஊர் தெரியாத பாம்பை மட்டும் மன்னிக்க மாட்டான். அழகான மலைப்பாம்பு, சும்மாவே தருகிறேன் என்று யாராவது பெட்டியோடு வந்து நின்றால், முதலில் கேட்பது, "எந்தத் தீவு?" அடுத்தது, "தீவுல எந்தப் பக்கம்?" இரண்டுக்கும் பதில் வந்தால்தான் உட்காரச் சொல்வான்.

அவன் வீட்டுப் பின்னறையில் பதினொரு பெட்டிகள் இருந்தன. பெட்டிக்கு ஒரு சீட்டு: தீவு, கிராமம், பிடித்த இடம், பிடித்தவர் பெயர், தேதி. எழுதுவது அவன் அக்கா லம்ரியா. எட்டாவதோடு படிப்பை விட்டவள்தான். ஆனால் அடிக்கோல் வைத்து எழுதுவாள், ஓர் எழுத்து சாய்ந்தாலும் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் திடலில் கூடும் பாம்புக்காரர்கள், எதிலும் சந்தேகப்படுகிறவர்கள், "திகோர் வீட்டுச் சீட்டா? அப்ப சரி" என்று வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்த நல்ல பெயருக்குத்தான் மானிஸ் என்ற ஆண் மலைப்பாம்பால் ஆபத்து வந்தது.

ஜம்பேயா சின்னத் தீவு. அங்கத்து மலைப்பாம்புகளும் இடமறிந்து வளரும். ஆணென்றால் ஆறேழு அடியோடு நிறுத்திக்கொள்ளும். பெரிய தீவுப் பாம்புகளைப் போல வளர்த்தவரை வாசலில் படுக்க வைக்காது. மூன்று வருடத்துக்கு முன் டேங் நொம்போ என்ற படகுக்காரரிடமிருந்து (அந்தப் பக்கத்தில் பெரியவர்களை மரியாதையாக 'டேங்' என்பார்கள்) மானிஸ் வந்தபோது முழங்கை நீளம். சீட்டில் "ஜம்பேயா, படகுத்துறை" என்று இருந்தது. இப்போது ஒன்பதரை அடி.

திகோர் முதலில் சாப்பாட்டின்மேல் பழிபோட்டான். வாரத்துக்கு ஒரு எலி என்பது இரண்டு வாரத்துக்கு ஒன்றாயிற்று. மானிஸ் கோபித்துக்கொள்ளாமல் வளர்ந்தான். பிறகு அளவுநாடாவின்மேல் பழிபோட்டான். பழைய நாடா, இழுத்து இழுத்து நீண்டுவிட்டது என்றான். புது நாடா வாங்கி அளந்தால் இரண்டு அங்குலம் கூடுதலாக வந்தது.

"பாங் திகோர், ஜம்பேயா தீவு கடலுக்குள்ள இன்னும் கொஞ்சம் நீண்டிருக்காமே?" என்று திடலில் குஸ்னாடி கேட்டான். திகோரைவிட இளையவன், அதனால் 'பாங்', அதாவது அண்ணன்; வாய் மட்டும் மூத்தது.

"எலும்பு பலமான வம்சம்டா அது."

"அதான் பாத்தேன். பெட்டியை மாத்தாதீங்க பாங், வீட்டை மாத்திடுங்க."

கிண்டலைத் தாங்கிக்கொள்ளலாம். இபு வெனிங்கின் முகத்தில்தான் திகோரால் விழிக்க முடியாது. எல்லோரும் 'இபு', அதாவது அம்மா, என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற நர்ஸ், இருபது வருடமாக ஜம்பேயா வம்சத்தைக் கலப்பில்லாமல் காப்பாற்றி வருகிறவர். வெளியாள் வீட்டு ஆணோடு தன் பெண்பாம்பைச் சேர்த்ததே இல்லை. மூன்று வருடம் காத்திருந்து திகோர் அவருடைய சம்மதத்தை வாங்கியிருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் பெண்பாம்போடு வருவார். மானிஸ் ஜம்பேயாக்காரன் இல்லையென்றால் குட்டிகள் எவர் வீட்டிலோ பன்னிரண்டடி வளர்ந்து நிற்கும். சீட்டில் இபு வெனிங்கின் பெயர் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே லம்ரியா ஆரம்பித்தாள். "இத்தோ, ஒரு சந்தேகம்." அவர்களுடைய பட்டாக் இனத்து வீடுகளில் அக்காளும் தம்பியும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பாம்பைப் பத்தியா?"

"உன்னைப் பத்தி. போன மாசம் கல்யாணத்துல ஒரு பெரியவர் எந்த ஊருன்னு கேட்டாரு. நெஞ்சை நிமித்திக்கிட்டு பாலிகேன்னு சொன்ன. நீ பாலிகேயைப் பார்த்ததே காலண்டர்ல."

"அப்பா ஊரு. நம்மாளுங்க கேட்டா அப்பா ஊரைத்தானே சொல்லணும்."

"அம்மா ஊரு காருட்?"

"அதை யாரு கேட்டா?"

"அதைத்தான் சொல்றேன். கேட்டதுக்குத்தான் பதில் வரும். படகுக்காரர்கிட்ட நீ என்ன கேட்ட?"

திகோர் பாதிச் சோற்றில் எழுந்தான். பின்னறையில் மானிஸின் வால் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே தொங்கியது. போனை எடுத்தான்.

"ஆமா, துறையிலதான் புடிச்சேன்," என்றார் டேங் நொம்போ. "என் கையாலயே. சிமெண்ட் மூட்டைக்கு அடியில இருந்துச்சு."

"சிமெண்ட் எங்கேருந்து வந்துச்சு?"

"பெரிய தீவுலேருந்து, மக்காசார் துறைமுகத்துலேருந்து. எங்க தீவுல சிமெண்டா காய்க்குது?"

"அப்ப பாம்பு?"

"அது டிக்கெட்டா எடுத்துச்சு, நான் கிழிச்சுப் பாக்க? எங்க புடிச்சேன்னு கேட்டீங்க, சொன்னேன். எங்க பொறந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லியே தம்பி."

திகோர் போனை வைத்தான். படகுக்காரர் பொய் சொல்லவில்லை, சீட்டும் பொய் சொல்லவில்லை. பாம்பு மட்டும் ஒன்பதரை அடி இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை முழுக்க ஒரே மெஷினை மூன்று முறை கழற்றி மாட்டினான். சாயங்காலம் லம்ரியா அடிக்கோலோடு வந்து நின்றாள்.

"பழசு இருக்கட்டுமா, கிழிக்கட்டுமா?"

"கிழி," என்றான். "புதுசுல சிமெண்ட்டையும் எழுது."

ஞாயிற்றுக்கிழமை இபு வெனிங் துணிப்பையில் பெண்பாம்போடு திடலுக்கு வந்தார். திகோர் சீட்டை நீட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"பிடித்த இடம், ஜம்பேயா படகுத்துறை, மக்காசாரிலிருந்து வந்த சிமெண்ட் மூட்டைக்கு அடியில். பிறந்த இடம், தெரியாது. வளர்ந்த இடம், பெக்காசி."

கடைசி வரி லம்ரியா தானாகச் சேர்த்தது. திகோருக்கே அப்போதுதான் தெரியும்.

"அப்ப சேர்க்க முடியாதுப்பா," என்றார் இபு வெனிங்.

"முடியாதுங்க இபு." மூன்று வருடத்து ஆசை அந்த இரண்டு சொல்லில் போயிற்று.

அவர் பையின் வாயை இறுக்கிக் கட்டினார். சீட்டைத் திருப்பித் தரவில்லை, மறுபடி படித்தார். "தெரியாதுன்னு எழுதின சீட்டை இந்தத் திடல்ல இன்னிக்குத்தான் பாக்குறேன். என் வீட்டுல நாப்பது பெட்டி இருக்கு. எல்லாத்துலயும் பிடிச்ச இடம்தான் இருக்கு. வர்ற வாரம் அக்காவைக் கூட்டிக்கிட்டு வா. நீ கேளு, அவ எழுதட்டும்."

குஸ்னாடி சிரிக்க வாயைத் திறந்தவன், தன் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து மூடிக்கொண்டான். அதிலும் "படகுத்துறை" என்றுதான் இருந்தது. மெதுவாகப் போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான். அவனைப் பார்த்து இன்னொருவர் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் திடலில் ஒருவரும் பாம்பைக் கவனிக்கவில்லை. ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு மூலையில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு தத்தம் படகுக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார்கள்:

"அது சரிங்க டேங், மூட்டை எங்கேருந்து வந்துச்சு?"

திகோர் மானிஸின் வாலைப் பெட்டிக்குள் மடித்து வைத்தான். அது மறுபடி வெளியே வந்தது.