கழிக்காத கூடை எடை

கணவர் இறந்த பிறகு கல்லூரியின் இருட்டறைதான் எனக்குப் பாதி வீடு. கட்டுமாவடிக் கடல்நீரில் கண்ணுக்கே தெரியாத அளவு மங்கலாக ஒளிரும் நுண்ணுயிர்களின் ஒளியை அளப்பது என் ஆராய்ச்சி. அதற்கான ஒளியுணர் கருவியை வாங்கும்போது, குளிரூட்டும் வசதி இருந்ததை ஒதுக்கிவிட்டு, உணர்திறன் கூடியதையே பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் நாளே கடல்நீரை வைத்ததும் ஒளி இருப்பதாக எண்கள் கொட்டின. மூன்று மாதம் பூரித்துக் கிடந்தேன். சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை. கேனில் கடல்நீர் கொண்டுவந்து தரும் மீன் வியாபாரி காதர் பாயிடம் ஒரு நாள் கணினித் திரையைக் காட்டினேன்.

பாய் உற்றுப் பார்த்தார். “தண்ணி வைக்காம எவ்வளவு காட்டுது டீச்சர்?”

“எதுக்கு பாய்?”

“கூடை எடையக் கழிச்சிட்டுத்தானே நாங்க மீன் எடை சொல்லுவோம்.”

எனக்குச் சுருக்கென்றது. மாணவர்களுக்கு முதல் பாடமாக நான் சொல்லித்தருவதே அதுதான். ஆசையில் நானே அதைச் செய்யவில்லை.

நீரை எடுத்துவிட்டு, மூடியை இறுக்கி அளந்தேன். ஏறக்குறைய அதே எண். குளிரூட்டி இல்லாததால், எங்கள் ஊர்ச் சூட்டையே ஒளியென்று எடுத்துக்கொண்டு, ஒளியே இல்லாத இருட்டிலும் அந்தக் கருவி தானாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

பாய் சங்கடப்பட்டார். “தப்பா எதுவும் கேட்டுட்டேனா டீச்சர்?”

“இல்ல பாய். நல்லவேளை, நீங்களாவது கேட்டீங்க.”

அவர் போனபின் கருவியைத் திட்டத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. என் கணவரின் வண்டிச் சத்தம் கேட்டதென்று நான் இன்னமும் தினம் சாயங்காலம் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன்.