நாலாவது மெஷின்

டயாலிசிஸ் அறையின் தலைமை நர்ஸுக்கு நோயாளிகள் வைத்திருந்த பெயர் ‘கறார்’. முகத்துக்கு நேரே சிஸ்டர். தலை மறைந்தால் கறார். அது அவளுக்கும் தெரியும். ஊசி போடுவதில் பூப்போன்ற கை. ஒழுங்கு என்று வந்துவிட்டால் பெற்ற தாயானாலும் விடமாட்டாள்.

அறையில் நான்கு மெஷின்கள். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரம் மூன்று முறை வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். அந்த வருடம் அங்கே வந்த ஒருவரிடமிருந்து பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்குக் கல்லீரலைத் தின்னும் கிருமி ஒட்டிக்கொண்டது. அந்தச் சமயத்தில்தான் மேலிடத்துப் புதிய பரிந்துரையும் வந்து சேர்ந்தது. கிருமி உள்ளவர்களுக்குத் தனி அறை, தனி மெஷின்; மற்றவர்களை அதில் போடக்கூடாது.

பெரிய டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ரெண்டு பேருக்காக ஒரு மெஷினை ஒதுக்கிட்டா மத்தவங்களை எங்க போடறது? சாயங்காலமும் ஓட்டலாம்னா நர்ஸ் கிடையாது.”

“விட்டா ஒவ்வொருத்தரா எல்லாரையும் பிடிச்சிடும் சார். அப்புறம் நாம பண்றதுக்குப் பேரு வைத்தியமா?”

“அப்ப யாருக்குக் குறைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க.”

சொன்னாள். நாலாவது மெஷினைப் பக்கத்துச் சின்ன அறையில் கிருமி உள்ளவர்களுக்கென்று வைத்துவிட்டு, கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்தவர்களை வாரம் இரண்டு முறைக்கு மாற்றினாள். அவர்களில் ஒருவர் வேன் ஓட்டுகிறவர். வாய் ஓயாத மனிதர்.

“நம்ம உடம்பு டீசல் வண்டி சிஸ்டர். ரெண்டு சர்வீஸ் போதும், பிச்சுக்கிட்டு ஓடும்” என்றார். அறையே சிரித்தது.

“விளையாடாதீங்க அண்ணே. தண்ணிய அளந்து குடிங்க. மூச்சு வாங்கினா உடனே வந்துடணும்.”

வெயில் ஏறியது. நாக்கு வறண்டால் மனிதன் என்ன செய்வான்? கால் வீங்கி வரத் தொடங்கினார். வேலை முடிந்தபின் அவளே இருந்து ஓரிரு முறை கூடுதலாகப் போட்டு அனுப்பினாள். அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை. முறை இல்லாத ஒரு நாளில் உதடு நீலம் பாரித்து, நுரையீரல் முழுக்க நீரோடு அவரைத் தூக்கி வந்தார்கள். மூன்று மெஷினிலும் ஆட்கள் இருந்தார்கள்; ஒன்றைக் காலி செய்து மாட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்த பிறகு, அவர் படுக்கையில் விட்டுப்போன போர்வையை வாங்கிக்கொள்ள மனைவி வந்தாள். வாங்கியவள் போகவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பக்கத்துச் சின்ன அறையைப் பார்த்தபடி நின்றாள்.

“அங்க ஒரு மெஷின் சும்மா நிக்குதே. அன்னிக்கும் நின்னுச்சா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

“நின்னுச்சு அண்ணி.”

“அவரை அதுல போட்டிருக்கலாமே?”

“போட்டிருந்தா அந்தக் கிருமி...”

“கிருமியோடயாவது இருந்திருப்பாரே சிஸ்டர்.”

குரலில் கோபம்கூட இல்லை. போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

வருடக் கடைசியில் எல்லோருடைய ரத்தத்தையும் பரிசோதித்தார்கள். புதிதாக ஒருவருக்கும் தொற்றவில்லை.

“நீங்க சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சு” என்றார் பெரிய டாக்டர்.

“யாருக்கு வராம போச்சுன்னு தெரிஞ்சா, அவங்க முகத்தையாவது ஒரு தடவை பார்த்துக்குவேன் சார்” என்றாள் அவள்.

வெளியே வராந்தாவில் அடுத்த முறைக்காரர்கள் காத்திருந்தார்கள். வேன்காரரின் இடம் எப்போதோ இன்னொருவருக்குப் போயிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு அந்தப் புதியவரை உள்ளே கூப்பிட்டாள்.