கூடம் கோணல்தான்

என் வலது முழங்கால் போனதற்கு எங்கள் சொந்தத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். பெரியப்பாவைக் கேட்டால் கண்ணேறு என்பார். பொட்டப்புள்ளையின் எலும்பு பந்து உதைக்கப் படைத்ததல்ல என்பது அத்தையின் கட்சி. கல்யாண மண்டபத்தில் நான் படியில் கொஞ்சம் சாய்ந்து இறங்கினால் போதும், யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கால் என்னுடையது, காரணமும் எனக்குத் தெரியும்.

நான் படித்த கல்லூரி நாமக்கல் பக்கம், மானாவாரி நிலத்தை மட்டப்படுத்திக் கட்டியது. மைதானம் பெரியதுதான். ஆனால் அதன் மேற்கு ஓரம் பகலெல்லாம் கல்லூரி பஸ்களுக்குச் சொந்தம். ராசிபுரம், சங்ககிரி, எங்கள் ஜேடர்பாளையம் என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்து வரிசையாக நின்றுகொள்ளும். நாலே காலுக்கு வகுப்பு விட்டதும் டிரைவர்கள் அவற்றை எடுத்து, ரூட் வாரியாக கேட் அருகே கொண்டுபோய் நிறுத்துவார்கள். அது முடிய நாலரை ஆகிவிடும். ஐந்து மணிக்கு பஸ் கிளம்பும். பெண்கள் கால்பந்து அணியில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போல் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். அந்த இடைவெளிதான் எங்கள் பயிற்சி. நாள் முழுக்க பெஞ்சில் மரத்துப்போன காலோடு நேராகப் பந்தின் மேல் பாய்வோம். வார்ம்-அப் செய்தால் பந்தைத் தொடாமலே பஸ் ஏற வேண்டியதுதான். பூட்ஸ் கதை இன்னும் மோசம். எங்கள் அளவுக்குச் சேலத்தில் கடை கடையாக ஏறியும் கிடைக்கவில்லை. அண்ணன்மாரின் பூட்ஸில் நுனிக்குப் பஞ்சுக் கழிவை அடைத்துப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

அடிபடாமல் என்ன செய்யும்? ஒருத்திக்குக் கணுக்கால், இன்னொருத்திக்குத் தொடைச் சதை. அதே மைதானத்தில் ஆடிய விடுதிப் பையன்களும்தான் நொண்டினார்கள். அவர்கள் நொண்டினால் வீரம், முதுகில் தட்டிக்கொடுத்து ஸ்பிரே அடித்தார்கள். நாங்கள் நொண்டினால் பலவீனம். இந்த நியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தாளாளர் ஒருநாள் வாஸ்து பார்ப்பவரை மைதானத்துக்கு அழைத்து வந்தார். அவர் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்து, ஒரு கோல்கம்பம் தெற்கில் இருக்கிறது, அது எமன் திசை, அதனால்தான் கை கால் போகிறது என்று சொல்லிவிட்டார். மறு வாரமே வடக்கு தெற்காக இருந்த கோல்கம்பங்களைப் பிடுங்கிக் கிழக்கு மேற்காக நட்டார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். உடற்கல்வி ஆசிரியரை நாங்கள் பி.டி. சார் என்போம். சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடிக்குமே என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். யார் காதில் ஏறும்? மேற்குக் கோல் இப்போது பஸ் நிற்கிற இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. ஐப்பசி மழையில் டயர்கள் உழுத பள்ளங்கள் கார்த்திகை வெயிலில் இறுகிக் கிடந்தன. அதன் மேலேயே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.

நான் பின்களத்தில் ஆடுகிறவள். அன்றைக்கு மேற்குக் கோலைக் காத்து நின்றேன். பந்து தலைக்கு மேல் போனது. துரத்தத் திரும்பினேன், சூரியன் முகத்தில் அறைந்தது. வலது கால் டயர் பள்ளத்தில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பியது. காய்ந்த கரும்பை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே ஜவ்வு கிழிந்துவிட்டது என்று சேலத்து டாக்டர் சொன்னார். வலியைவிடக் கோபம்தான் எனக்கு அதிகமாக இருந்தது.

தாளாளர் கூப்பிட்டனுப்ப, அம்மாவோடு போனேன். பெண்கள் அணியைக் கலைக்கப்போவதாக அவர் சொன்னார்.

"கட்டிக் குடுக்கற புள்ளைங்க. நாளைக்கு எங்களைத்தானுங்க கேப்பாங்க. கேரம் போர்டு வாங்கித் தரச் சொல்லியிருக்கேன்."

நான் பந்து விளையாடுவதே பிடிக்காத அம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஏனுங்க, என்ற புள்ள கால் ஊட்டுல இருந்த வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு. உங்க எடத்துக்கு வந்துதானுங்க போச்சு."

தாளாளர் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அதே கிரவுண்டுலதானம்மா பசங்களும் ஆடறாங்க."

"கோணல்தானுங்க," என்றேன். "நீங்களே வந்து பாருங்க."

அவர் வரவில்லை. வீடு போகும்வரை அம்மா என்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தார்.

என் ஆட்டம் முடிந்துவிட்டது, அது எனக்குப் புரிந்தது. என் காலைச் சாக்கு வைத்து மற்றவர்கள் ஆட்டத்தையும் முடிப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மறு வாரம் ஊன்றுகோலோடு கல்லூரிக்குப் போய் அணியினரிடம் பேசினேன். அன்று நாலே காலுக்கு எல்லோரும் ஜெர்சி போட்டு மைதானத்தில் இறங்கினோம். கோல்கம்பத்துக்கு முன்னால், வரிசையாய் நின்ற பஸ்களின் மூக்குக்கு எதிரே, அவர்கள் நிதானமாக வார்ம்-அப் செய்ய ஆரம்பித்தார்கள். நான் பெனால்டி புள்ளியில் ஊன்றுகோலை ஊன்றி நின்றேன். பஸ் ஒன்றுகூட நகர முடியவில்லை.

எங்கள் ஊர் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "நேரமாச்சு சாமி, அக்கட்டால நவுருங்க."

"கால் சூடாகட்டுங்கண்ணா, அப்பறம் எடுங்க," என்றேன்.

ஐந்து மணியும் தாண்டியது. மாணவர்கள் பாதிப் பேர் கை தட்டினார்கள், பாதிப் பேர் எங்களைத் திட்டினார்கள். கடைசியில் தாளாளரே வந்தார். முகம் சிவந்திருந்தது. யாரைக் கேட்டு இதைச் செய்கிறீர்கள் என்றார்.

"கால் ஏன் போகுதுன்னு வாஸ்துக்காரரைக் கேட்டீங்க. எங்களைக் கேக்கலைங்க. நீங்க நிக்கறது பெனால்டி ஏரியாங்க. கீழ பாருங்க," என்றேன்.

அவர் கீழே பார்த்தார். சுண்ணாம்புக் கோடு பள்ளத்தில் இறங்கி ஏறிப் போய்க்கொண்டிருந்தது. பள்ளத்தில் செருப்பு மாட்டாமல் பார்த்துப் பார்த்து அடி வைத்து, வந்த வழியே போய்விட்டார்.

அணியைக் கலைக்கிற பேச்சு அதன்பிறகு எழவில்லை. பஸ்கள் கேன்டீனுக்குப் பின்னால் போயின. பள்ளங்களில் மண் அடித்து ரோலர் ஓட்டினார்கள். எங்களுக்கு நாலே காலுக்கே மைதானம் கிடைத்தது. கோல்கம்பங்களை மட்டும் திருப்பவில்லை, எமனிடம் யார் வம்பு வளர்ப்பது?

அந்த வருடப் போட்டியில் எங்கள் பெண்கள் முதல் ஆட்டத்திலேயே நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். தோற்றுவிட்டு எல்லோரும் தங்கள் காலாலேயே நடந்து வந்து பஸ் ஏறினார்கள். கைத்தாங்கல் எனக்கு மட்டும்தான் வேண்டியிருந்தது.