அம்மா போட்ட ரயில்பாதை

பிரிக்பீல்ட்ஸில் இன்று ஒரு கடை வாசலில் ரயில்பாதையிலிருந்து பெயர்த்த பழைய சிலிப்பர் கட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வெயிலில் அவற்றிலிருந்து எழுந்த தார் வாசனை, எப்போதோ இடிபட்டுப்போன எங்கள் ரயில்வே குவாட்டர்ஸின் ஒற்றை அறைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த அப்பாவைச் சிரம்பானுக்கு அப்பால் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு மாற்றியபோது எனக்கு ஆறு வயது. அங்கே குடும்பத்துக்கு வீடு கிடைக்கும்வரை அம்மாவும் நானும் இங்கேயே இருந்தோம். அப்பா எங்கே என்று நான் ஓயாமல் கேட்டதால், அம்மா அந்தப் பாதையையே தரையில் போட ஆரம்பித்தாள். பிரம்பு இழைகள் தண்டவாளமாக, தீக்குச்சிகள் சிலிப்பர் கட்டைகளாக, காஜாங், சிரம்பான் ஸ்டேஷன்கள் சிகரெட் டின்களாக எழுந்து நிற்க, ரப்பர் தோட்டங்களாக நட்ட கறிவேப்பிலைக் கொத்துகள் இரண்டு நாளில் வாடி, அம்மா மாற்றி நட்டதும் மறுபடி பச்சையாகும். வெளியே மாலை ரயில் கூவும்போதெல்லாம் நான் நூலில் கோத்த தீப்பெட்டிகளை இழுத்துக்கொண்டு போவேன்.

மாதம் ஒருமுறை வரும் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "பாப்பா, இங்க ஒரு பாலம் விட்டுப்போச்சே!" என்று சிரித்தபடி திருத்துவார்.

ஒருமுறை அவர் எதையும் திருத்தவில்லை. கட்டில் காலில் முட்டிப் பாதை முடிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் தூரமா மாத்திட்டாங்க, செல்லம்மா. கிமாஸ் தாண்டி, காட்டுக்குள்ள. இனிமே மாசாமாசம் வர முடியாது" என்றார் அம்மாவிடம்.

அம்மா எழுந்து, "அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள். வீட்டிலிருந்த ஒரே கட்டிலை இருவருமாகத் தூக்கி வெளியே வைத்தார்கள். காலியான தரையில் அம்மா தீக்குச்சிகளோடு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க, கிமாஸுக்கு அப்புறம் எந்த ஸ்டேஷன்?"