கண்ணாடியில் தெரியாத வேர்னா

உள்ளேயே குடியிருக்கிற மாதிரி கட்டிய பெரிய வீட்டு வண்டி ஒன்று எங்கள் முகாமுக்குள் நுழைந்தால் போதும், மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுவோம். அதைப் பின்னால் எடுத்து இடத்தில் நிறுத்தும் கூத்தை வேடிக்கை பார்க்கத்தான். கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கையை ஆட்டுவாள். "இடதுன்னா எந்த இடது? உன் இடதா, என் இடதா?" என்று ஆரம்பித்து மாமியார் வரைக்கும் போய்விடும். வடக்கத்திப் பனிக்குத் தப்பி, குளிர்காலம் முழுக்க இந்த அரிசோனா பாலைவனத்தில் கிடக்கிற எங்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. கெட்ட புத்தி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆர்லோ டிக்கர்ட் வந்தால் மட்டும் யாரும் நாற்காலியைத் தொடமாட்டார்கள். வடக்கு டகோட்டாவில் சாலைப் பனி தள்ளும் லாரியை ஆயுசு முழுக்க ஓட்டியவன். அவனுடைய வண்டிக்குப் பெயர் கிளாடிஸ். பேருந்து நீளம். அதை ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, தொப்பியைச் சரிசெய்தபடி இறங்குவான். அவன் மனைவி வேர்னா பின்னால் நிற்பது சும்மா சம்பிரதாயத்துக்கு. பின்னால் நிற்கிற ஆள் ஓட்டுகிறவனின் பக்கக் கண்ணாடியில் தெரியாவிட்டால் அந்த நொடியே நிறுத்த வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள விதி. புதிதாக வருகிறவர்களை உட்காரவைத்து அதைச் சொல்லிக்கொடுப்பவனே ஆர்லோதான்.

ஆனால் கிளாடிஸை வைத்துக் காப்பாற்றுவது யானையைக் கட்டித் தீனி போட்ட கதை. மழை பெய்தால் கூரை ஒழுகும். பக்கவாட்டில் இழுப்பறை மாதிரி வெளியே வரும் படுக்கையறை, வெளியே வந்தால் உள்ளே போகாது. முகாமைப் பார்த்துக்கொள்கிறவள் நான் என்பதால், எது உடைந்தாலும் வேர்னா முதலில் என் வாசலுக்குத்தான் வருவாள்.

"இது வீடா வண்டியா, பெர்னிஸ்?" என்று ஒருநாள் ஈரத் தலையணையோடு வந்து நின்றாள். "வீட்டுல என்னல்லாம் கெடுமோ அதுவும் கெடுது, வண்டில என்னல்லாம் கெடுமோ அதுவும் கெடுது."

"வித்துத் தொலைச்சிட்டு சின்னதா ஒண்ணு வாங்குங்களேன்."

"எங்க பையன் மினியாபோலிஸ்ல வயசானவங்க குடியிருப்புல இடம் பாத்து வெச்சிருக்கான். கிளாடிஸ் போச்சுன்னா அடுத்து அங்கதான்னு ஆர்லோவுக்கு பயம். வாயே தொறக்க மாட்டான். எனக்கும் அங்க போக இஷ்டமில்ல, அதனால நானும் தொறக்கிறதில்ல."

அந்த ஜனவரியில் அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இடத்தைக் காட்ட நான்தான் நின்றிருந்தேன். கிளாடிஸ் இழுத்து வந்த சின்னக் காரைக் கழற்றி ஓரம் கட்டிவிட்டு, வேர்னா வழக்கம்போல் பின்னால் போய் நின்றாள். அங்கே சிமெண்ட் கால் வைத்த சாப்பாட்டு மேசை ஒன்று உண்டு. கிளாடிஸ் வளைந்தபடி பின்னால் வர, வேர்னா இடது பக்கம் நகர்ந்து கையை உயர்த்தினாள். நிற்கவில்லை. கத்தினாள். அப்போதும் வண்டி நிற்கவில்லை. அவள் குதித்து விழுந்ததும் மேசை நொறுங்கியதும் ஒரே நேரத்தில் நடந்தன.

நான் ஓடிப்போய்ப் பார்த்தால், சரளைக் கல்லின் மேல் உட்கார்ந்து முழங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. சும்மா காற்று வாங்க உட்கார்ந்திருந்த இரண்டொருவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

ஆர்லோ இறங்கி வந்தான். பேயறைந்த முகம்.

"எனக்கு ஒண்ணுமில்ல. தோல்தான் வழண்டிருக்கு," என்றாள் வேர்னா. "மொதல்ல போய் இன்ஜினை அணை."

அணைத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தான். "இடது பக்கம் நீ தெரியல, வேர்னா."

"தெரியலன்னா நிறுத்தணும். ஊருக்கெல்லாம் நீதானே பாடம் எடுக்கிற?"

"இன்னிக்கு மட்டும் தெரியலன்னா நிறுத்தியிருப்பேன். போன வருஷத்துலேர்ந்தே எனக்கு அந்தப் பக்கம் பார்வை மங்கல். தெரியாமலே ஓட்டிப் பழகிட்டேன். குத்துமதிப்பா."

"டகோட்டாலேர்ந்து இங்க வரைக்கும் குத்துமதிப்பாவா!"

நான் பொறுக்கமாட்டாமல், "அட கிழட்டுக் கழுதை!" என்று கத்தியே விட்டேன். என்னை யாரும் கேட்கவில்லைதான்.

"சொன்னா வண்டி போயிடும்," என்றான் ஆர்லோ. "அப்புறம் அந்தக் குடியிருப்புல கிழடுகளோட உக்காந்து பிங்கோ ஆட்டம் ஆடணும்."

"யாருடா உன்னை பிங்கோ ஆடச் சொன்னா?" என்றாள் வேர்னா. " உலகத்துல சின்ன வண்டியே இல்லையா?"

"இருந்தா மட்டும்? நான் இனிமே ஓட்டக்கூடாது."

"நான் ஓட்டுறேன்."

"நீயா? கிளாடிஸ் ஸ்டீயரிங்கையே தொட்டதில்லையே நீ."

"அந்தப் பூதத்தை எவ தொடுவா? என் உசரத்துக்குத் தகுந்ததா வாங்கிக் குடு, அப்ப பாரு."

அவன் அவள் முழங்கையில் ஒட்டியிருந்த சரளைத் தூளைத் தட்டிவிட்டான். பிறகு, "வித்துடலாம்," என்றான். அழுவான் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் வெயில் ஏறிய பிறகும் அவன் குறட்டை என் வாசல் வரை கேட்டது. எழுந்து காபி குடிக்க வந்தவன், "ரொம்ப நாளுக்கப்புறம் நாளைக்கு எப்படி ஓட்டுறதுன்னு யோசிக்காம தூங்கினேன், பெர்னிஸ்," என்றான். பக்கத்து ஊர்க் கண் மருத்துவர், போன பார்வை போனதுதான், இனி ஓட்டவே கூடாது என்று சொன்னபோதும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

துணி துவைக்கும் அறைக்கு வெளியே எங்களுக்கு ஒரு மேசை உண்டு. வேண்டாததை அதில் வைக்கலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கிளாடிஸின் வயிற்றிலிருந்து ஒரு வாரம் சாமான் வந்துகொண்டே இருந்தது. ரொட்டி சுடும் இயந்திரம், கிறிஸ்துமஸ் மரம், பௌலிங் பந்துகள், ஒரு வீட்டுக்குள் மூன்று டிவி. பாதிக்கு மேல் கிளாடிஸைப் பழுதுபார்க்கும் சாமான்கள்: பசை, குழாய், ரப்பர், போன மோட்டார், போகப்போகிற மோட்டார். வாஃபிள் சுடும் தட்டை நான் எடுத்துக்கொண்டேன். வேர்னா தன் அம்மாவின் சூப் குண்டானை மட்டும் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பவும் எடுத்துக்கொண்டு போனாள்.

நான்கு பிள்ளைகளோடு ஊர் சுற்றும் ஒரு டெக்சஸ் குடும்பம் கிளாடிஸை வாங்கியது. ஆர்லோ அந்த மனிதனுக்கு ஒவ்வொரு விசையையும் தொட்டுக்காட்டி விளக்கினான். வண்டி வாசலைத் தாண்டியபோது நாங்கள் எல்லோரும் ஆர்லோவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்பாடா!" என்றான். "கூரை ஒழுகினா இனி அவன் பாடு."

கிளாடிஸ் இழுத்து வந்த அந்தச் சின்னக் காரில், வேர்னா ஓட்ட, இருவரும் பீனிக்ஸ் போனார்கள். காரைக் கொடுத்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம்தான் பெரியதான ஒரு வேனோடு திரும்பினார்கள். கட்டில், அடுப்பு, அலமாரிக்குள் ஒரு கழிப்பறை, அவ்வளவுதான். பெயர் பிஸ்கட்.

"நான் திரும்பணும்னா ஆர்லோ உக்காரணும். ஆர்லோ திரும்பணும்னா நான் படுக்கணும்," என்று ஜன்னல் வழியாகவே சொல்லிச் சிரித்தாள் வேர்னா. "ஆனா மழை பெஞ்சா உள்ள பெய்யாது, பெர்னிஸ்! அது போதும் எனக்கு."

அவள் முதன்முதலாக வேனைப் பின்னால் எடுக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் முகாமே நாற்காலியோடு வந்துவிட்டது. யாரோ சோளப்பொரி வறுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஆர்லோ இறங்கிப் பின்னால் போய், விமானத்தை நிறுத்துகிறவன் மாதிரி கைகளை வீசினான். பிஸ்கட் ஊர்ந்து வந்தது. மின்சாரக் கம்பத்தைப் பார்க்க அவன் ஓரடி ஒதுங்கினான்.

வண்டி நின்றுவிட்டது.

"ஏன் நின்னுட்ட? லாரியே போற அளவு இடம் இருக்கு, வா!" என்று கூட்டம் கத்தியது.

வேர்னா தலையை வெளியே நீட்டினாள். "ஆர்லோ! எங்க போன? கண்ணாடில காணோம்!"

"இங்கதான் இருக்கேன், வா!"

"வரமாட்டேன். நீ தெரிஞ்சாத்தான் வருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லோ சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓட்டுநர் ஜன்னலுக்கு வந்தான். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"நீ நிறுத்திட்ட," என்றான்.

"பின்ன?"

"அன்னிக்கு நான் நிறுத்தல, வேர்னா." கண்ணீர் தாரையாக வழிந்தது.

அவள் கையை நீட்டி அவன் கன்னத்தைத் துடைத்தாள். முழங்கையில் காயம் ஆறிய தழும்பு இருந்தது. "அதான் இப்ப நான் ஓட்டுறேன்ல? போ, நான் பாக்கிற இடத்துல நில்லு."

ஆர்லோ மூக்கைச் சிந்திவிட்டுப் போய், அவள் கண்ணாடிக்கு நேராக, இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றான்.