சிக்காமல் திரிந்த ஒன்பது சதவீதம்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் பேருந்தில் ஒரே மூச்சில் போய்ச் சேர முடியவில்லை. அதுதான் முதல் அறிகுறி. ஒட்டன்சத்திரத்தில் இறங்கி, கழிப்பறை வாசலில் வரிசையில் நின்று, அடுத்த வண்டி பிடித்தேன். அறுபத்தாறு வயதில் இது சகஜம் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

மருத்துவர் அப்படி நினைக்கவில்லை. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி விந்துநீரில் சேர்க்கும் புரதம், சிறிதளவு ரத்தத்திலும் கசியும்) பார்க்கச் சொன்னார். ஏழு வந்தது. நான்குக்கும் பத்துக்கும் இடையில் என்றால் வெறும் வீக்கமா, புற்றுநோயா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதாம். ‘ஃப்ரீ பி.எஸ்.ஏ.’யும் எடுத்து வரச் சொன்னார். எடுத்தேன். மொத்த பி.எஸ்.ஏ.யில் அது ஒன்பது சதவீதம்.

சர்க்கரையோ கொழுப்போ, குறைந்தால் நல்லது என்பதே பரிசோதனைத் தாள்களைப் பற்றி நான் அறிந்திருந்த விதி. வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள், மனுவோடு வந்தவர்களிடமெல்லாம் பின்பக்கத்தைப் படித்தீர்களா என்று கேட்டவன், இந்தத் தாளைத் திருப்பவில்லை. துளையிட்டு, நாடா கட்டி, அட்டையில் ‘முடிவுற்றது’ என்று எழுதி வைத்தேன். மருத்துவரிடம் போகவில்லை.

நான்கு மாதம் கழித்து, சிறுநீர் எரிச்சல் தாங்காமல் நான் சுருண்டு கிடந்த ஒரு காலையில், மனைவி சரஸ்வதி அந்தக் கோப்போடு என்னை ஆட்டோவில் ஏற்றினாள். மருத்துவர் தாளைத் திருப்பினார்.

“சார், இது கம்மியானா நல்லது இல்ல. கூட இருந்தாத்தான் நல்லது. எப்ப எடுத்தது?”

சொன்னேன்.

“அம்புட்டு நாளும் அட்டைக்குள்ளயா வச்சிருந்தீக?” என்றாள் சரஸ்வதி. “ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவுக. டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிருவீக?”

இதே தாள் கையில் இருப்பவர்களுக்காக, நான் தாமதமாகக் கற்றதை எழுதுகிறேன். ரத்தத்தில் கசியும் பி.எஸ்.ஏ.யைப் பெரும்பாலும் அங்குள்ள புரதங்கள் பிடித்துக்கொள்கின்றன. ஒன்று (ஆன்டிகைமோட்ரிப்சின், நொதிகளை அடக்குவது அதன் வேலை) கையைப் பிடித்து நிற்கும். பிடிபட்டது பரிசோதனையில் தெரியும். இன்னொன்று (மேக்ரோகுளோபுலின், உருவத்தில் மிகப் பெரியது) முழுதாக மூடிவிடும். வழக்கமான பரிசோதனைக்கு அது தென்படாது. எதிலும் சிக்காமல் திரிவதுதான் ‘ஃப்ரீ’. புற்றுநோய் இருப்பவர்களுக்குச் சிக்கியது கூடுதலாகவும் திரிவது குறைவாகவும் இருக்கும். இது சந்தேகத்துக்கான காரணம் மட்டுமே. தீர்ப்பு வேறு இடத்தில்.

அந்த இடம் பயாப்ஸி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது). பன்னிரண்டு துணுக்குகளில் இரண்டில் புற்றுநோய். மெதுவாக வளரும் வகை. சுரப்பிக்கு வெளியே போகவில்லை.

“நான் வராத நாலு மாசத்துல வளந்திருக்குமா?”

“தெரியாது சார். அப்ப எடுத்துப் பாக்கலையே.”

அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம் என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கலாம். கூடினால் யோசிக்கலாம்.

வெட்டவும் இல்லை, விடவும் இல்லை. நெல்லிக்காய் அளவு உறுப்பின் மேல் அறுபத்தாறு வருடம் கவலையின்றி உட்கார்ந்தவன், இப்போது நாற்காலியில் மெல்ல இறங்குகிறேன். முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ என்கிறது மனம். பரிசோதனைக்கு முந்தைய வாரம் செய்தித்தாளின் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். முடிவு வந்தபின் பத்து நாள் மனிதனாக இருக்கிறேன்.

போன மாதம் ஓய்வூதிய நேர்காணலுக்காக (உயிரோடு இருப்பதை ஆண்டுக்கொருமுறை நேரில் காட்டுவது) கருவூலத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் விரலை வாங்கிக் கருவியில் அழுத்தினாள்.

“ரேகை விழுந்துருச்சு சார். அடுத்த வருசம் இதே மாசம் வாங்க.”

அதற்குள் எனக்கு நான்கு ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன.

“வாரேம்மா” என்றேன். பின்னால் நின்றவர் தோளைத் தொடும்வரை நாற்காலியிலிருந்து எழவில்லை.